உங்களுக்குத் தெரியுமா? மனநலப் பணியாளரின் காதுக்குச் சில சொற்கள்

மாவட்ட மனநலத் திட்ட முகாமில் உட்கார்ந்திருக்கும் செவிலியருக்கும், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளருக்கும், ஆலோசகர் படிப்பில் இப்போதுதான் சேர்ந்த மாணவருக்கும் இந்தப் பக்கம். பாடப் புத்தகத்தில் ஒரு சொல் இருக்கும், நோயாளி வாயில் வேறொரு சொல் வரும். கலைச்சொல்லைக் கற்பது அந்த இரண்டாவது சொல்லைச் சரியாகக் கேட்கத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

● ‘மன அழுத்தம்’ என்று எழுதினால் படிப்பவருக்கு எது புரியும்? ஸ்ட்ரெஸுக்கும் அதையே சொல்கிறோம், டிப்ரஷனுக்கும் அதையே சொல்லிவிடுகிறோம். கடன், தேர்வு, வேலைப்பளு தரும் நெருக்கடி முதலாவது. காரணம் விலகினால் பெரும்பாலும் அதுவும் விலகும். இரண்டாவது நோய். குறைந்தது 2 வாரம், அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பொழுதும் சோகமோ எதிலும் நாட்டமின்மையோ இருந்து, அதோடு தூக்கம், பசி, தெம்பு, கவனம் போன்றவையும் குலைந்தால்தான் மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்வார். அதற்கு மனச்சோர்வு என்ற தனிச்சொல் தமிழில் இருக்கிறது. கோப்பில் எழுதும்போது இரண்டையும் கலக்காதீர்கள். அடுத்து அந்தக் கோப்பைத் திறப்பவர் உங்கள் சொல்லை நம்பித்தான் மருந்தைத் தொடர்வார்.

● ‘பேரப்பிள்ளையத் தூக்கினாக்கூட ஒண்ணும் தோணலைம்மா.’ ஒரு பாட்டி இப்படிச் சொன்னால் அதற்குக் கலைச்சொல் அன்ஹெடோனியா. இன்பம் உணரும் திறன் அற்றுப்போதல். பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ 1896-இல் உருவாக்கிய சொல் இது. அழாத மனச்சோர்வு நோயாளிகள் நிறையப் பேர் உண்டு. அழுகையைத் தேடிப் போனால் இந்தப் பாட்டி உங்கள் கண்ணில் படமாட்டார்.

● நம் ஊர்ப்புறங்களில் ‘சோகமாக இருக்கிறேன்’ என்று மருத்துவரிடம் சொல்பவர் குறைவு. ‘உச்சந்தலை எரியுது’, ‘நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி’, ‘கை கால் அசதி’, ‘பெருமூச்சா வருது’. மனத்தின் வலி உடம்பு வழியாகப் பேசுவதை சோமடைசேஷன் என்பார்கள். ஸ்கேன் எடுத்து, ரத்தம் பார்த்து, ‘உங்களுக்கு ஒண்ணுமில்லை’ என்று அனுப்பிவிடும்போது அந்த மனிதர் பொய் சொல்கிறார் என்றே ஆகிவிடுகிறது. வலி உண்மை. அதன் வேர்தான் வேறிடம்.

● ஜிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசுவோர் இதே துயரத்தை ‘குஃபுங்கிசிசா’ என்கிறார்கள். பொருள்: அளவுக்கு மீறி யோசித்தல். ‘ரொம்ப யோசனை பண்றான் சார்’ என்று நம் தாய்மார் சொல்வதும் அதுவேதானே! அந்த நாட்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை மருத்துவமனை வளாகத்து மரப்பெஞ்சில் உட்காரவைத்து ‘நட்புப் பெஞ்சு’ என்ற திட்டத்தை நடத்தினார். மேல்நாட்டுக் கலைச்சொல்லை அவர்கள் நீட்டவில்லை. மக்கள் சொல்லும் சொல்லிலேயே பேச்சைத் தொடங்கினார்கள்.

● கயிறு, பாம்பு உவமை தத்துவ வகுப்புக்கு மட்டும் உரியதல்ல. மங்கிய வெளிச்சத்தில் கயிற்றைப் பாம்பென்று பார்த்தால் திரிபுக்காட்சி. இது யாருக்கும் நேரும். கயிறே இல்லாத வெறுந்தரையில் பாம்பு நெளிவதைப் பார்த்தால் மாயப்புலன் உணர்வு, ஹாலுசினேஷன். கயிற்றைக் கயிறாகவே பார்த்துவிட்டு, ‘பக்கத்து வீட்டுக்காரன் என்னைக் கொல்லத்தான் இதை இங்கே போட்டிருக்கிறான்’ என்று அசையாமல் நம்பினால் அது டெல்யூஷன், மருட்சி. முதல் இரண்டும் புலனில் நடப்பவை. மூன்றாவது நம்பிக்கையில் நடப்பது. முதல் இரண்டுக்குமான கோட்டைத் தெளிவாக வரைந்தவர் 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல்.

● மருட்சியோடு வாதாடி வென்றவர் யாருமில்லை. மனநல மருத்துவர் கார்ல் யாஸ்பெர்ஸ் 1913-இல் வெளியிட்ட உளநோயியல் நூலில் அதன் அடையாளங்களைச் சொன்னார்: அசைக்க முடியாத உறுதி, எந்தச் சான்றுக்கும் வளையாமை, நடக்கவே வாய்ப்பில்லாத உள்ளடக்கம். எனவே ‘அப்படியெல்லாம் இல்லப்பா’ என்று மல்லுக்கு நிற்காதீர்கள். ‘ஆமாம், அவன் அப்படித்தான்’ என்று ஒத்தும் ஊதாதீர்கள். ‘அப்படி நினைக்கும்போது ராத்திரி தூக்கம் வருதா உங்களுக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய பயத்துக்கு நீங்கள் செவி கொடுத்துவிட்டீர்கள். அவருடைய நம்பிக்கைக்குச் சாட்சிக் கையெழுத்தும் போடவில்லை.

● ஸ்கிசோஃப்ரினியா என்றால் ஒருவருக்குள் இரண்டு ஆள் என்று பொருளல்ல. சினிமா பரப்பிய பெரிய பிழை இது. சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் புளூய்லர் 1908-இல் கிரேக்க வேர்களிலிருந்து இந்தச் சொல்லைக் கட்டினார். பிளவு, மனம் என்பவை அந்த வேர்கள். எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றுக்கு இடையே உள்ள இசைவு அறுந்துபோவதையே அவர் பிளவு என்றார். ஓர் உடலில் பல ஆளுமைகள் என்பது முற்றிலும் வேறொரு நிலை, மிக அரிது.

● ஸ்கிசோஃப்ரினியாவின் பெயரையே ஜப்பான் 2002-இல் மாற்றிவிட்டது! ‘பிளவுண்ட மனநோய்’ என்ற பழைய பெயரைக் கேட்டாலே பிள்ளைகள் ஒடுங்கிப்போகிறார்கள் என்று குடும்பத்தார் சங்கம் முறையிட்டது. ‘ஒருங்கிணைவுக் குறைபாடு’ என்ற பொருள்படும் புதுப்பெயர் வந்தது. அதன் பிறகு நோயின் பெயரை நோயாளியிடமே சொல்வது அங்கே கூடியது. தென் கொரியாவும் பின்னர் பெயரை மாற்றியது. அங்கே அவர்கள் எடுத்த சொல், தந்தி வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பதைக் குறிப்பது. சுருதி கலைந்தால் மறுபடி சேர்க்கலாம். நம்முடைய ‘மனச்சிதைவு’ என்ற சொல்லை நான் ஒவ்வொரு முறை எழுதும்போதும் கை தயங்குகிறது. சிதைந்தது ஒட்டுமா என்று ஒரு தாய் கேட்டால் என்ன பதில் சொல்வது? தமிழுக்கும் ஒரு நல்ல பெயர் வேண்டும்.

● ‘பாசிடிவ் அறிகுறி’ என்றால் நல்ல அறிகுறி அல்ல. இயல்பில் இல்லாதது வந்து சேர்வது: குரல் கேட்பது, சந்தேகம், தொடர்பற்ற பேச்சு. ‘நெகடிவ் அறிகுறி’ இருந்தது போய்விடுவது: பேச்சு குறைதல், முகம் உணர்ச்சியற்றுப்போதல், எழுந்து குளிக்கக்கூட உந்துதல் இல்லாமை. வீட்டார் முதலாவதை நோய் என்று ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவதைச் ‘சோம்பேறித்தனம்’ என்பார்கள். மருந்தும் முதலாவதில் கேட்கும் அளவுக்கு இரண்டாவதில் கேட்பதில்லை. இந்த ஒன்றைக் குடும்பத்துக்கு விளக்கிவிட்டால், அந்த வீட்டில் திட்டு விழுவது பாதியாகக் குறையும்.

● ‘ரெண்டு மனசா இருக்கு’ என்கிறோமே, அதற்கான கலைச்சொல் ஆம்பிவேலன்ஸ். ஆட்டிசம் என்ற சொல்லைப் போல இதையும் தந்தவர் அதே புளூய்லர்தான்.

● இந்தச் சொல்லை மட்டும் மறக்காதீர்கள்: அகதீசியா. செக் மருத்துவர் ஹாஷ்கோவெட்ஸ் 1901-இல் இட்ட பெயர். கிரேக்கத்தில் ‘உட்கார முடியாமை’. மனநோய் மருந்து தொடங்கிய சில நாளிலோ, அளவைக் கூட்டியபோதோ வரும் பக்கவிளைவு. கால் நிலைகொள்ளாது, நடப்பார், உட்காருவார், உடனே எழுவார், உள்ளுக்குள் பெரும் தவிப்பு. இதைப் பார்த்து ‘நோய் முற்றிவிட்டது’ என்று மருந்தைக் கூட்டினால் தவிப்பு இரட்டிப்பாகும். தவிப்பு தாங்காமல் உயிரை மாய்க்க நினைத்தவர்களும் உண்டு. நம் மக்கள் இதைச் சொல்லும் சொல் கிரேக்கத்தைவிடத் துல்லியமானது: ‘இருப்புக் கொள்ளலை.’ இந்த இரண்டு சொல் உங்கள் காதில் விழுந்தால், எந்த மருந்து, எப்போது தொடங்கினார், எவ்வளவு என்று உடனே கேளுங்கள். அன்றைக்கே மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

● அதே மருந்துகள் சிலருக்குக் கழுத்தை ஒரு பக்கமாக முறுக்கும், கண் மேலே செருகிக்கொள்ளும், நாக்கு இழுக்கும். டிஸ்டோனியா என்பது பெயர். பார்க்கிறவர்கள் பேய் என்று கோடாங்கியைத் தேடி ஓடுவார்கள். மருத்துவமனையில் ஓர் ஊசி போட்டால் பெரும்பாலும் சற்று நேரத்தில் இறங்கிவிடும். மருந்து கொடுக்கும்போதே வீட்டாரிடம் சொல்லிவைத்திருந்தால் அந்த ஓட்டம் இருக்காது.

● லித்தியம் ஓர் உப்பு. மன எழுச்சிக்கு அது உதவும் என்று 1949-இல் எழுதியவர் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட். மிகுந்தால் நஞ்சு என்பதால் ரத்தத்தில் அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கத்திரி வெயிலில் வேலை செய்து வேர்த்துக் கொட்டினாலும், வாந்தி பேதி கண்டாலும், திடீரென உணவில் உப்பைக் குறைத்தாலும், கடையில் இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை வாங்கித் தின்றாலும் அளவு ஏறிவிடும். கைநடுக்கம் கூடுகிறதா, நடை தள்ளாடுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று சித்திரை, வைகாசியில் விசாரிப்பது உங்கள் வேலை.

● மேல்நாட்டு மனநோய் மாத்திரைகளுக்கு முன்பே நம் நாட்டு மூலிகை ஒன்று ஆய்விதழில் ஏறியது. சர்ப்பகந்தா வேர் மூர்க்கத்தைத் தணிப்பதையும் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் 1931-இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் எழுதினார்கள். அதிலிருந்து ரெசர்பின் 1952-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதே 1952-இல்தான் பாரிஸில் குளோர்புரோமசின் மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியது.

● ஜன்னி! டெலிரியம் என்ற கலைச்சொல்லுக்கு நம் பாட்டிமார் வைத்திருந்த பெயர். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென வந்து, காலையில் தெளிந்து இரவில் குழம்பி, கவனம் நிற்காமல் ஆடுவது. மறதி நோயான டிமென்ஷியா மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறுவது. ‘நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு’ என்று மகள் சொன்னால் அது மனநலப் பிரிவுக்கு அனுப்பும் கேஸ் அல்ல. கிருமித் தொற்று, சர்க்கரை இறக்கம், உப்புச்சத்துக் குறைவு, மருந்தின் விளைவு என்று உடம்பில் ஏதோ கெட்டிருக்கிறது. பொது மருத்துவரிடம், அன்றே.

● தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், நிறுத்திய 2 முதல் 4 நாளுக்குள் இந்த ஜன்னி வரலாம். பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆட்களைக் கூப்பிடுவார், உடம்பே நடுங்கும். உயிரைக் குடிக்கும் நிலை இது. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரேயடியாக நிறுத்தும் அண்ணன்மார்களின் மனவுறுதியை நான் மதிக்கிறேன். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள் என்று மட்டும் கெஞ்சுகிறேன்.

● குடியாலும் சாப்பாட்டுக் குறைவாலும் பி1 வைட்டமின் வற்றியவருக்கு நினைவில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அவர் மனம் கதையால் அடைக்கும். வார்டை விட்டு நகராதவர், ‘காலையில சந்தைக்குப் போய்ட்டு வந்தேன்’ என்பார். பொய்யல்ல, அவர் ஏமாற்றவில்லை. கன்ஃபாபுலேஷன் என்பது இதற்குப் பெயர். ரஷ்ய மருத்துவர் கோர்சகோவ் 1887-இல் விவரித்த நோய் இது.

● மனநிலைப் பரிசோதனையில் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது வழக்கம். பள்ளிக்கூடம் பாராத அம்மாவிடம் அதைக் கேட்டுவிட்டு ‘கவனம் குறைவு’ என்று எழுதுவது அநியாயம். ‘நூறு ரூபாய் கொடுத்து நாற்பத்தேழு ரூபாய்க்குக் காய் வாங்கினா மிச்சம் எவ்வளவு?’ என்று கேளுங்கள். தேதி தெரியாதவருக்கு ஆடி பிறந்து எத்தனை நாள் என்று தெரிந்திருக்கும். ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்றால் என்ன என்று கேட்பது பொருள் விரித்துப் பார்க்கும் திறனைச் சோதிக்க. ‘சேறா இருந்தா யானையும் வழுக்கும்’ என்று மட்டும் சொன்னால் சொல்லின் மேற்பரப்பிலேயே நிற்கிறார் என்று குறிக்கலாம். ஆனால் ஆங்கிலவழிப் பள்ளியில் படித்த நகரத்துப் பையன் பழமொழியையே கேள்விப்பட்டிருக்க மாட்டான். அதை நோயாக எண்ணிவிடக் கூடாது.

● ‘மனசு எப்படி இருக்கு?’ என்ற கேள்விக்கு அவர் சொல்வது மனநிலை. அப்போது அவர் முகத்தில் நீங்கள் பார்ப்பது உணர்வு வெளிப்பாடு. இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். முதல் வரியில் அவர் சொன்ன சொல்லை அப்படியே, அவர் வட்டாரப் பேச்சிலேயே எழுதுங்கள். ‘விசனமா கெடக்கு’ என்றால் அதுதான் அந்த வரி.

● பானிக் அட்டாக் சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், ‘செத்துப்போயிடுவேன்’ என்று தோன்றும். ஈசிஜி சரியாக இருக்கும். ஆனால் நடுவயது தாண்டியவருக்கு முதல்முறை வந்தால் நெஞ்சைப் பார்க்காமல் மனம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

● சாமியாடுவது நோயா? திருவிழாவில், உடுக்கை ஒலியில், ஊர் ஏற்றுக்கொண்ட வேளையில் வந்து, முடிந்ததும் இறங்கிவிடுவது நோயல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே ஒரு பண்பாடோ சமயமோ ஏற்றுக்கொண்ட அனுபவத்தை விலக்கிவைக்கிறது. விரும்பாமல், அடிக்கடி, வேலையையும் வாழ்க்கையையும் குலைத்துக்கொண்டு வந்தால்தான் பெயரிட வேண்டிய நிலை. கோடாங்கியைத் திட்டிவிட்டு நுழைந்தால் அந்த வீட்டுக் கதவு உங்களுக்கு மறுபடி திறக்காது.

● பட்டியல்கள் வேதம் அல்ல. ஒருபால் ஈர்ப்பு மனநோய் அல்ல என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல்தான் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990-இல். அதுவரை எத்தனை பேர் இல்லாத நோய்க்குச் சிகிச்சை பட்டிருப்பார்கள்!

● லண்டனில் ஆய்வாளர் ஜார்ஜ் பிரௌன் ஒன்றைக் கவனித்தார். மருத்துவமனையிலிருந்து தேறி வீடு திரும்பியவர்களில், குறைசொல்லும் பேச்சும் வெறுப்பும் அளவுமீறிய பொத்திவைப்பும் நிறைந்த வீட்டுக்குப் போனவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது. இதற்கு எக்ஸ்பிரஸ்டு எமோஷன் என்று பெயர் வைத்தார்கள். பின்னர் சண்டிகரில் அளந்தபோது உறவினர்களின் குறைசொல் லண்டனைவிடக் குறைவாக இருந்தது. இந்தியக் குடும்பத்தைப் பற்றி ஆய்வு சொல்லும் ஒரு நல்ல செய்தி. அதைக் குடும்பத்தாரிடம் சொல்லுங்கள், அவர்கள் குறையை மட்டும் சொல்லாதீர்கள்.

● 1950-களில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சிஎம்சி 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் நோயாளியோடு உறவினர் தங்குவது முறையாயிற்று. பூட்டிய அறைகளின் காலத்தில் இது பெரும் துணிச்சல்.

● ‘எனக்கு ஒண்ணுமில்லை, மாத்திரை வேண்டாம்’ என்பது எப்போதும் பிடிவாதமல்ல. நோயை உணரும் அறிவையே நோய் மறைத்துவிடுவதுண்டு. பக்கவாதத்தில் கை விழுந்தும் அதை அறியாதவர்களைப் பார்த்து நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி 1914-இல் அனோசோக்னோசியா என்ற சொல்லைத் தந்தார். மனநோயிலும் இப்போது அதைப் பயன்படுத்துகிறார்கள்.

● சாக எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று அஞ்சுகிறார்கள். அப்படி எதுவும் விதைபடுவதில்லை. கேட்டதும் பலருக்குப் பாரம் இறங்குகிறது. ‘இருந்து என்ன பிரயோசனம்’, ‘படுத்தா எந்திரிக்கக் கூடாது’ என்ற பேச்சு வந்தால், ‘உயிரை விட்டுடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?’ என்று தெளிவாகக் கேளுங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்பதையும். இலங்கையில் 1995-இல் லட்சத்துக்கு 47 என்ற அளவில் இருந்த தற்கொலை, கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்துவந்ததில் 10 ஆண்டில் ஏறத்தாழப் பாதியானது. நம் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை விட முயன்றவரைக் கடும் மனநெருக்கடியில் இருந்தவராகவே கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. நாடெங்கும் எந்நேரமும் அழைக்க டெலி மானஸ் எண் 14416. தமிழிலும் பேசலாம். இந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

● 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் ஒரு கொட்டகைக் காப்பகம் எரிந்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். மாண்டவர்கள் 28 பேர். எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்று 2017 சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாத மின்சிகிச்சையையும் அதே சட்டம் தடுக்கிறது. நமக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று நலமாக இருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையும் அதில் உண்டு. முன்கூட்டிய அறிவுறுத்தல் என்பார்கள்.

● தமிழ்நாட்டில் ‘மனநல ஆலோசனை’ என்பதை ஈழத்தில் ‘உளவளத்துணை’ என்கிறார்கள். துணை என்ற சொல் அதில் இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கிறது. ஆலோசனை மேலிருந்து வரும். துணை பக்கத்தில் நடக்கும்.

● பர்ன் அவுட் என்ற சொல்லை 1974-இல் எழுதிய உளவியலாளர் ஃபிராய்டன்பெர்கர், இலவச மருத்துவமனையில் சேவை செய்து தானே எரிந்துபோனவர். உலக சுகாதார நிறுவனம் அதை நோய் என்று சேர்க்கவில்லை, வேலையோடு ஒட்டிய நிலை என்றே குறிக்கிறது. நோயாளி கதை சொல்லும்போது உங்களுக்கு ஒன்றுமே தோன்றாமல் போனால், கடிகாரத்தையே பார்க்கிறீர்கள் என்றால், மேலாளரிடம் பேசுங்கள். இரண்டு நாள் விடுப்பு எடுங்கள்.

● கீழ்ப்பாக்கம் என்பதை இன்றும் வசவுச்சொல்லாக வீசுகிறோம். 1794-இல் வேரூன்றிய அங்குள்ள மனநல மருத்துவமனைக்கு 1961-இல் கண்காணிப்பாளராக வந்தவர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். மறுவாழ்வு என்ற சொல்லை அவர் செயலில் காட்டினார். தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவில் நோயாளிகள் ரொட்டி சுட்டார்கள். 1984-இல் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பையும் அவர் தொடங்கிவைத்தார். 2021-இல் 98 வயதில் மறைந்தார். வாழ்வின் கடைசி ஆண்டுகளிலும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.